தாளில் இருந்தபடி

சூளைக்குள் ஆயிரத்து இருநூறு டிகிரி. வெளியே நாற்பத்தொன்று. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை பொதுமக்கள் வெளியில் நடமாட வேண்டாம் என்று அந்தக் கோடையில் அறிவிப்பு வந்திருந்தது. நாங்கள் எல்லோரும் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போனோம். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர் மட்டும் வரவில்லை. வேப்பமரம் வெளியில் இருந்தது. அறிவிப்புப்படி வெளியில் போகக் கூடாது. ஆகவே அவர் சூளைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, மூக்கு நுனியில் வியர்வை சொட்டச் சொட்டத் தயிர்சோறு சாப்பிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். மணி என்ன என்று கேட்டார். ஒன்றரை என்றேன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கட்டைகள் செய்கிற சின்னப் பீங்கான் கம்பெனி அது. முப்பது பெண்கள் வேலை செய்தோம். எனக்குப் பேக்கிங். அக்காவுக்குக் கிளேஸ், அதாவது, சூளைக்குப் போவதற்குமுன் ஒவ்வொரு கட்டையையும் பால் போன்ற குழம்பில் முக்கி எடுக்கிற வேலை. பளபளப்பு அதனால்தான் வரும். ஒரு கட்டையை மூன்று எண்ணும்வரை முக்க வேண்டும் என்று சேர்ந்த முதல்நாள் சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தாராம். பதினோரு வருஷம் கழித்தும் அக்கா வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அச்சடித்த எழுத்தையோ, பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து வந்த சொல்லையோ அவர் மீறி நான் பார்த்ததில்லை. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. பயப்படுகிறவர்கள் ஆள் இல்லாதபோது மீறுவார்கள். அக்கா ஆள் இல்லாதபோது இன்னும் கறாராக இருப்பார். ஒரு சொல் அவருக்குத் தெளிவாக இல்லையென்றால் சொன்னவரையே கேட்பார். அந்தக் கேள்விகளுக்குத்தான் மற்றவர்கள் பயந்தார்கள்.

கம்பெனிக்குப் போகிற வழியில் ரயில்வே கேட். ஜங்ஷன் ஊர் என்பதால் கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கேட் மூடினால் சீக்கிரம் திறக்காது. ஊரே குனிந்து கேட்டுக்கு அடியில் நுழைந்து போகும். சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். கைக்குழந்தையை அந்தப் பக்கம் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுத் தாய் நுழைவாள். அக்கா மட்டும் ‘கேட் மூடியிருக்கும்போது கடக்கக் கூடாது’ என்ற பலகைக்கு எதிரில் நின்றுகொண்டிருப்பார். ஒருநாள் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டு வந்து, வருகைப் பதிவேட்டில் தானே நாற்பது நிமிஷம் தாமதம் என்று எழுதினார். சூப்பர்வைசர் எரிச்சலில், இனிமேல் நாற்பது நிமிஷம் முன்னாலேயே கிளம்பு என்றார். அடுத்த நாளிலிருந்து அக்கா நாற்பது நிமிஷம் முன்னாலேயே வந்து, பூட்டியிருந்த கம்பெனி வாசலில் தூக்கோடு நிற்க ஆரம்பித்தார். சூப்பர்வைசர் சொன்னதை வாபஸ் வாங்கும்வரை நின்றார்.

அவருக்கு நோய் இருப்பது தெரியவந்ததும் இந்தக் குணத்தால்தான். கம்பெனிச் சுவரில் மருத்துவ முகாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அனைவரும் கட்டாயம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மார்பைப் பரிசோதிப்பார்கள் என்று தெரிந்ததும் நாற்பதைத் தாண்டிய பெண்களெல்லாம் என் பேக்கிங் அறைக்கு வந்து வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கேயே ஒருத்தி வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். அக்கா மட்டும் கையைக் கழுவிவிட்டுப் போனார். நாற்பத்தாறு வயது, ‘அனைவரும்’ என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். திரும்பி வந்து, இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறதாம், கொட்டைப்பாக்கு அளவாம் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, விட்ட கட்டைகளை முக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

பாண்டிச்சேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். அக்காவின் கணவர் இறந்து பல வருஷம். ஒரே மகன் ஓசூரில் வேலை. ஆபரேஷனுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். நோயாளியுடன் ஒருவர் மட்டும் என்று ஆஸ்பத்திரியில் பலகை இருந்தது. மற்றவர்கள் அதை, இரண்டு பேர் கூடாது என்று புரிந்துகொண்டார்கள். அக்கா, ஒருவர் இல்லாமல் வரவும் கூடாது என்று புரிந்துகொண்டார். அந்த ஒருவராக என்னைக் கேட்டார். ஏன் நான் என்றேன்.

“நீ குறுக்கப் பேச மாட்ட,” என்றார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிற காலம் சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டது. மருந்து ஏற்றிய உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது, நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும், கூட்டமான இடத்துக்குப் போகக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். அக்கா அளவுக்கோடு போட்ட ஜாடி ஒன்றை வாங்கிக்கொண்டார். வாந்தி வந்த நாட்களில், வெளியே வந்ததை உத்தேசமாகக் கழித்து மறுபடி அளந்து குடித்தார். வெயில் ஏறிக்கொண்டே போனதால் அடுத்த முறை டாக்டர், கொஞ்சம் கூடவே குடியுங்கள் என்றார். கூட என்றால் எவ்வளவு என்று அக்கா கேட்டார். டாக்டர் யோசித்து நூறு மில்லி என்று சொல்லித் தப்பித்தார் என்று நினைக்கிறேன்.

கூட்டம்தான் பெரிய பிரச்சினையாயிற்று. திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறப்போனவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கூட்டம் என்றால் எத்தனை பேர் என்று கண்டக்டரைக் கேட்டார். கண்டக்டர் விளையாட்டாக, எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் கூட்டம்தான் என்றுவிட்டார். அக்கா காலை எடுத்துவிட்டார். அன்றைக்கு ஆறு பஸ்ஸை விட்டோம். எல்லாவற்றிலும் எட்டுப் பேருக்கு மேல் இருந்தார்கள். கழுத்தில் ஈரத்துண்டோடு அவரும் தலைவலியோடு நானும் நின்றோம். கடைசியில் நான் நேரக் காப்பாளர் அறைக்குப் போய், காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது கூட்டம் ஆகாது என்று அவர் வாயால் சொல்லவைத்தேன். அதன் பிறகே ஏறினார்.

அடுத்தது கரண்ட் வைப்பது. ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டும். ஐப்பசியில் தொடங்கியது. மழைக்காலத்தில் கம்பெனியில் உருப்படிகள் காயாது, பாதி நாள் வேலை இருக்காது என்பதால் என்னால் போக முடிந்தது. ஆனால் அந்த வருஷம் ஐப்பசியில் மழையைக் காணோம். சித்திரை மாதிரிக் காய்ந்தது. கரண்ட் வைத்த இடத்தில், கழுத்து எலும்புவரைக்கும், வெயில் படவே கூடாது என்று உத்தரவு.

காலையில் கிழக்கே போகிற பஸ்ஸில் வெயில் வலது பக்கம் விழும். இடது பக்கம் உட்கார்ந்தோம். ஆனால் ரோடு நேராகப் போகவில்லை. மந்தாரக்குப்பம் தாண்டி ஒரு வளைவு. வெயில் இடது பக்கத்துக்கு வந்தது. அக்கா எழுந்து வலது பக்கம் போனார். நானும் போனேன். வடலூரில் மறுபடி இந்தப் பக்கம். ஒரு வாரத்தில் எந்த வளைவில் எந்தப் பக்கம் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வளைவு வருவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவார். இரண்டாவது வாரத்தில் அந்தப் பஸ்ஸில் தினமும் வருகிறவர்கள் எல்லோரும் அக்கா எழுந்தால் எழுந்தார்கள். நாற்பது பேர் ஒன்றாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்த டிரைவர், வண்டி சாய்கிறது என்று சத்தம் போட்டார்.

அந்தப் பஸ்ஸில்தான் கம்மாபுரத்துக்காரர் பழக்கமானார். கம்மாபுரம் போகிற வழியில் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி அவர் ஊர். மனைவியோடு மந்தாரக்குப்பத்தில் வந்து ஏறுவார். அவருக்குத் தொண்டையில். அவருக்கும் ஐந்து வாரம். அக்கா எந்த அளவுக்குச் சட்டமோ அந்த அளவுக்கு அவர் மீறல். புகைபிடிக்காதீர் என்ற பலகையின் கீழே நின்று பீடி கேட்பார். காரம் சாப்பிடாதீர்கள் என்று சொன்னால் வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி வாங்குவார், விழுங்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரும், மனைவி திட்டுவாள், மறுநாளும் வாங்குவார். அக்காவை அவர் கலெக்டரம்மா என்று கூப்பிட்டார். கேலிதான். ஆனால் ஏதாவது சந்தேகம் வந்தால் டாக்டரை விட்டுவிட்டு அக்காவைத்தான் கேட்பார். இந்தப் பஸ்ஸில் வாய் தவறிக்கூடப் பொய் சொல்லாத ஆள் அந்த அம்மா ஒருத்திதான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கரண்ட் வைக்கிற பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் இருந்தார். நாள் விடக் கூடாது என்பதை அவர்தான் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். நடுவில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் அந்தச் சந்தில் தலையெடுக்கும் என்றார். முன்பெல்லாம் எப்போதாவது ஒருநாள் போகும், இப்போது கோடையில் மெஷின் சூடாகி நின்றுவிடுகிறது, மழையில் நோயாளிகள் நின்றுவிடுகிறார்கள், மழை வந்தாலும் ஒரு மாச மழை ஒரே நாளில் வருகிறது என்று தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரிச் சொன்னார். அக்காவின் அட்டையில் ‘தவறாமல் வரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினேழு நாள் முடிந்திருந்தது. அப்போது வராமலிருந்த மழையெல்லாம் புயலாகச் சேர்ந்து வந்தது. சனிக்கிழமை பிடித்தது, திங்கட்கிழமை காலையிலும் விடவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை, ரயில் இல்லை. ஏழு மணிக்கு அக்கா என் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். அட்டையைப் பாலிதீன் பையில் போட்டு ரவிக்கைக்குள் வைத்திருந்தார். எப்படிப் போவது என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் தவறாமல் என்று போட்டிருக்கிறது என்றார்.

அப்போதுதான் மைக் ஆட்டோ வந்தது. ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் சாவுச் செய்திக்கும் சுற்றுகிற ஆட்டோ. புயலுக்காக அறிவிப்பு செய்ய வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அவசியம் இல்லாமல் யாரும் வெளியே வராதீர்கள் என்று டிரைவர் கரகரத்துக்கொண்டே வந்தார். அக்கா தண்ணீரில் இறங்கி ஆட்டோவை மறித்தார். அவசியம் என்றால் என்ன என்று கேட்டார். அட்டையைக் காட்டினார். டிரைவர் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தவர், பதிவுசெய்து வைத்த பெட்டி மழையில் நனைந்து கெட்டுப்போயிருந்தது, தொண்டை போயிருந்தது. அவர் அக்காவையும் அட்டையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதான் அவசியம். ஏறுங்க. கம்மாபுரம் ரோட்டு ஊருங்க எல்லாம் சுத்திட்டு உங்கள நெய்வேலிப் பக்கம் வுட்டுட்றன். இந்தத் தாள நீங்க படிங்க. எனக்குக் கொரலு வரல.”

இப்படியாக, யாரும் வெளியே வரக் கூடாது என்று ஊருக்குச் சொல்வதற்காக அக்கா வெளியே வந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாளில் இருந்ததை வாசித்தார். ‘பொதுமக்கள் யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்.’ டிரைவர் சொல்லிக்கொண்டு வந்த ‘அவசியம் இல்லாமல்’ தாளில் இல்லை. யாரோ அவசரத்தில் அடித்துக் கொடுத்த தாள். டிரைவர் அதைத் தானாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சேர்க்கவில்லை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்கிற மாதிரித் தெளிவாக வாசித்தார். மழையிலும் அந்தக் குரல் நன்றாகக் கேட்டது. சில வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், இவர்கள் மட்டும் ஏன் வெளியே போகிறார்கள் என்பது மாதிரிப் பார்த்தார்கள்.

நெய்வேலிப் பக்கம் இறங்கி, ஒரு பால் வண்டியில் கடலூர்வரை போய், அங்கிருந்து கொஞ்சம் நடந்து, கொஞ்சம் சோற்றுப் பொட்டலம் ஏற்றிய வேனில் போய், மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். கரண்ட் வைக்கிற பிரிவில் இரண்டு நாளாக அங்கேயே தங்கிவிட்ட டெக்னீஷியன் ஒருவரும் அந்த டாக்டரும் இருந்தார்கள். நோயாளி என்று ஒருவரும் இல்லை. எங்களைப் பார்த்ததும் டெக்னீஷியன் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே வாங்கம்மா என்றார். அக்கா முதலில் போய் டோக்கன் எடுத்தார். ஒன்றாம் நம்பர். காலியான பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நம்பரைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே போய், அந்தக் காலியான கூடத்தைப் பார்த்து ஒன்றாம் நம்பர் என்று கூப்பிட்டார்.

ரோடு சரியாகும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தங்கினோம். அக்கா ஒருநாளும் விடவில்லை. கம்மாபுரத்துக்காரரைத்தான் காணவில்லை. போன் போட்டால் போகவில்லை. ஒன்பதாம் நாள் வந்தார். அவருக்கு நடுவில் எட்டு நாள் போயிருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. ஈடுகட்டுவதற்காகச் சில நாள் காலையில் ஒருதடவை, ஆறு மணி நேரம் விட்டு மாலையில் ஒருதடவை என்று வைத்தார். எங்கே போய்விட்டீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, மழையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தேன் கலெக்டரம்மா என்றார்.

அக்காவுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடி முளைத்தது. மறுபடி கிளேஸ் தொட்டிக்கு வந்தார். கம்மாபுரத்துக்காரருக்கு ஒரு வருஷத்துக்குள் தொண்டையில் திரும்ப வந்துவிட்டது. குரல்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் அன்றைக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும், அவருடைய மனைவியும் நாங்கள் இருவரும், ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். நேரம் போவதற்காக அந்த அம்மாள் புயல் கதையைச் சொன்னாள். வேடிக்கைக் கதை மாதிரித்தான் சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர்கள் ஊரிலிருந்து நெய்வேலிக்கு ஒரு டிராக்டர் கிளம்பியதாம். அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாராம். யார் பேச்சையும் கேட்காத மனுஷன், ஆனாலும் கரண்ட் வைக்கிறதை மட்டும் விடமாட்டேன் என்று இருந்தாராம். அப்போது ரோட்டிலிருந்து மைக் சத்தம் கேட்டதாம்.

“உங்க கொரலுன்னு அவருதான் கண்டுபுடிச்சாரு,” என்றாள் அந்த அம்மாள். “கலெக்டரம்மாவே யாரும் வர வேணாம்னு சொல்லுது, அப்ப ஆஸ்பத்திரியும் இருக்காதுன்னு எறங்கிட்டாரு. மறுநாளு ஏரி ஒடைஞ்சி ரோடே இல்ல. உங்க பேச்ச ஒரு நாளாச்சும் கேட்டாரேன்னு நான் அப்ப சந்தோஷப்பட்டன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்குக் குறைசொல்லும் எண்ணம் துளியும் இல்லை. நான் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா எழுந்து அந்தச் சின்ன வயது டாக்டரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த எட்டு நாளால்தான் திரும்ப வந்ததா என்று கேட்டார். அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்கா வழக்கமாக இப்படிப்பட்ட பதிலை விட மாட்டார். அன்றைக்கு வேறு கேள்வி கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மைக் ஆட்டோ டிரைவரைத் தேடிப் பிடித்தார். அந்தத் தாள் வேண்டும் என்றார். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முந்திய தாள். டிரைவருக்கு முதலில் எந்தப் புயல் என்றே விளங்கவில்லை. கண்ணாடி துடைத்துப் போட்டிருப்பேன் என்றார். அக்கா சீட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அவரும் தூக்கினார். ஜவுளிக்கடை நோட்டீஸ்களும் இரண்டு கண்ணீர் அஞ்சலிகளும் இருந்தன. அது இல்லை. திரும்பி நடந்து வரும்போது நான், தாளில் இருந்ததைத்தானே படித்தீர்கள், உங்கள் மேல் என்ன தப்பு என்றேன். அவர் நடையைக் குறைக்கவில்லை. கேட் அருகில் வந்ததும் நின்றார்.

“இருந்ததத்தான் படிச்சன். படிக்கறப்பவே எனக்குத் தெரியும், நான் வெளிய போய்க்கிட்டு இருக்கன்னு. அப்ப அந்தத் தாளு தப்புன்னு ஒரு அறிவு வர வேணாமா?” என்றார்.

குறுக்கே பேச மாட்டேன் என்றுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அக்கா தன் செக்கப் தேதியைக் கம்மாபுரத்துக்காரரின் தேதியோடு சேர்த்து மாற்றிக்கொண்டார். அவருக்குக் கழுத்தில் ஓட்டை, பேச்சு இல்லை. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மனைவிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் டாக்டர்களிடமும் மருந்துக்கடையிலும் பஸ்ஸிலும் அக்காதான் வாசித்துச் சொல்ல வேண்டும். மனுஷன் குரல் போனபிறகும் மாறவில்லை. ஒருநாள் பெரிய டாக்டர் எதிரில், ‘இந்தக் கலெக்டரம்மா ஒரு கிறுக்கு, இது என்கூட வராம இருக்க ஒரு மாத்திர இருக்குதா’ என்று எழுதினார். அக்கா முகம் மாறாமல் அதை அப்படியே வாசித்தார். பெரிய டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொருநாள் கண்டக்டரை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டி எழுதினார். அக்கா அதையும் பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். கண்டக்டர் அக்காவிடம்தான் சண்டைக்கு வந்தார். கம்மாபுரத்துக்காரர் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். கழுத்து ஓட்டையிலிருந்து புஸ் புஸ் என்று காற்று வந்தது.

நான் கம்பெனியை விட்டுத் திருப்பூருக்குக் கிளம்புவதற்குமுன் கடைசியாகப் போன செக்கப்பில் நடந்தது இது. வெயிலும் மழையும் புற்றுநோய் வைத்தியத்தை எப்படிக் கெடுக்கின்றன என்று அந்த ஆஸ்பத்திரியில் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்து வந்த ஒரு பெண் டாக்டர் படிவத்தோடு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். நாள் விட்டவர்களிடம் ஏன் விட்டார்கள் என்று கேட்க வேண்டும். ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். மழை வெள்ளம், கடும் வெயில், வண்டி இல்லை, உடம்பு முடியவில்லை, மற்றவை.

கம்மாபுரத்துக்காரர் சிலேட்டை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். எழுதி அக்காவிடம் நீட்டினார். அக்கா வாசித்தார்: “மழைக்குப் பயந்துக்கிட்டு நானேதான் வரல.”

டாக்டர் முதல் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

“அது பொய்ங்க,” என்றார் அக்கா. “எழுதி இருந்ததப் படிச்சன். ஆனா பொய்யி. நான்தான் மைக்குல வராதீங்கன்னு சொன்னன். அதனாலதான் வரல. அப்படிப் போட்டுக்குங்க.”

பெண் டாக்டர் திகைத்துப்போய்ப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை. எப்படியும் புயலால் வந்ததுதானே, மழை என்றே போட்டுக்கொள்ளட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

“மழ யாரையும் வராதன்னு சொல்லலைங்க.”

கம்மாபுரத்துக்காரர் சிலேட்டைப் பிடுங்கினார். உள்ளங்கையால் அழித்தார். அக்காவின் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கம்மாபுரத்துக்காரர் பாட்டுக்குச் சாக்கட்டியைப் பலமாக அழுத்தி எழுதி, அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சொல்கிறார் என்று பெண் டாக்டர் கேட்டார்.

“பசிக்குது. டீ குடிக்கப் போலாமா, இல்ல அதுக்கும் தாளு வேணுமா,” என்று அக்கா வாசித்தார்.

பெண் டாக்டர் சிரித்துவிட்டார். கம்மாபுரத்துக்காரரின் மனைவியும் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சிலேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அவருக்கு முன்னால் எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தார்.